குதிரைக்குப் பக்கத்தில் ஓடுகிற பெடியன்

மார்ச் பிறந்தால் போதும், எங்கட வட்ஸ்அப் குழுவில் அந்த மெசேஜ் வந்து விழும். "மச்சான், ஏப்ரலுக்கு நுவரெலியா?" அரை மணித்தியாலத்தில் ஹயஸ் வான் பேசியாகிவிடும். விடிய நாலு மணிக்குப் பாமன்கடைப் பாலத்தடியில் எல்லாரும் நிற்க வேண்டும். பிறகு லிஸ்ட்: தபால் கந்தோருக்கு முன்னால் போட்டோ, ஹக்கல பூந்தோட்டம், ஸ்ட்ரோபெரி, வாவியில் போட், ஹோர்ட்டன் சமவெளி, கடைசியில் குதிரை. குதிரைக்குப் பக்கத்தில் மட்டும் மூன்று நெருப்பு இமோஜி.

போன வருசம் நாங்களும் போனோம். நாங்களும் ஏறினோம். இதை முதலே சொல்லிவிடுகிறோம், பிறகு ஒருவரும் "நீங்கள் பெரிய புனிதர்களோ" என்று கேட்கத் தேவையில்லை.

எங்களில் ஒருத்தி முதலில் ஏறினாள். கிரகரி வாவிக்கரையில் மண்ணிறக் குதிரை ஒன்று, கழுத்து தொங்கினபடி நின்றது. கயிற்றைப் பிடித்திருந்த பெடியனுக்குப் பதினேழு பதினெட்டு வயதிருக்கும். "அக்கா, பயப்படாதீங்க, இவ ஒண்ணும் செய்யமாட்டா" என்றான். அவள் ஏறினாள். குதிரை நடந்தது. போட்டோ எடுக்கிற நாங்கள் கத்தினோம்: "தம்பி, கொஞ்சம் ஓடவிடுங்கோ, வீடியோக்கு நல்லா வரும்!" அவன் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினான். ரப்பர் செருப்போடு, அந்த மேடுபள்ளத்தில், குதிரைக்கு ஈடாக.

அன்றிரவு ஹோட்டலில் வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். நல்லாத்தான் வந்திருந்தது. பின்னால் மலை, பனி, தொப்பி போட்ட எங்கட சிநேகிதி, தலையை ஆட்டிக்கொண்டு ஓடுகிற குதிரை. ஒருத்தன் மட்டும் சொன்னான்: "அந்தப் பெடியனை வெட்டிப்போட்டுப் போடு. ஃப்ரேமைக் கெடுக்கிறான்." வெட்டினோம். போட்டோம். "லிட்டில் இங்கிலாந்து டயரீஸ்" என்று தலைப்பும் வைத்தோம். இருநூற்றுச் சொச்சம் லைக்.

அந்த வெட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஏனென்றால் இறங்கின பிறகு நடந்தது வீடியோவில் இல்லை. பெடியன் சேணத்தைத் தளர்த்தினபோது கீழே இருந்த துணி விலகியது. முதுகெலும்பும் கழுத்தும் சேருகிற இடத்தில் உள்ளங்கை அளவுக்கு வெள்ளை முடி. அதன் நடுவில் தோல் உரிந்து ஈரமாக ஒரு புண். "இது என்ன தம்பி?" என்று கேட்டோம். துணியை இழுத்து மூடிவிட்டுச் சொன்னான்: "சீசன் முடிஞ்சா ஆறிடும்ணே."

வெள்ளை முடி என்றால் என்ன என்று பிறகுதான் தேடி வாசித்தோம். சேணம் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் அங்கே தோல் சாகும். ஆறி வரும்போது முடிக்கு நிறம் திரும்பாது, வெள்ளையாகத்தான் முளைக்கும். அந்தக் குதிரையின் முதுகில் இருந்தது பழைய புண்களின் வரவுக் கணக்கு. எத்தனை சீசன் என்று எழுதியிருந்தது. எங்களுக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை.

சரி, நாங்கள் அங்கே என்ன வாங்கினோம்? பத்து நிமிசச் சவாரி என்று சொல்லலாம். ஆனால் பத்து நிமிசம் ஆடுவதற்கு வெள்ளவத்தைக் கடற்கரையிலேயே சின்னப் பிள்ளைகளின் ராட்டினம் வருகிறது. நாங்கள் வாங்கினது ஒரு படம். பனி மூடிய மேட்டு நிலம், புல்வெளி, குதிரை மேல் ஒரு துரை அல்லது துரைசாணி. இங்கிலாந்தின் டார்ட்மூர், எக்ஸ்மூர் பக்கங்களில் மரமில்லாத ஈரமான மேட்டுப் புல்வெளிகள் இருக்கின்றன. அங்கே குதிரையேறி விடுமுறை கழிப்பது அவர்களுக்கு ஒரு பழக்கம். அந்தப் படத்தைத்தான் இங்கே கொண்டுவந்து ஒட்டினார்கள். ஒட்டினவர்கள் போய் எழுபத்தைந்து வருசத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் இன்னும் அதற்கு முன்னால் நின்று போஸ் கொடுக்கிறோம்.

எப்படி ஒட்டினார்கள் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். சாமுவேல் பேக்கர் என்றொரு ஆங்கிலேயர், வேட்டைப் பிரியர், 1848 இல் நுவரெலியாவில் ஓர் இங்கிலீஷ் கிராமத்தையே உருவாக்கப் புறப்பட்டார். ஆட்கள், மாடுகள், வேட்டை நாய்கள், குதிரைகள், வண்டி எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. மலையேறும் வழியில் அவருடைய குதிரைக்காரன் வண்டியைக் குதிரைகளோடு பள்ளத்தில் உருட்டிவிட்டான். வண்டியைத் தூக்க நூறுக்கு மேற்பட்ட கூலியாட்களை இறக்கினார்கள். அதற்குப் பிறகு அதே ஆள் ஒரு யானையில் ஏறி, அதைக் குதிரை மாதிரி மலைப்பாதையில் விரட்டினான். யானை செத்துப்போனது. இதை எழுதினது பேக்கரேதான், 1855 இல் வந்த புத்தகத்தில், ஒரு பகிடிக் கதை மாதிரி. மலைநாட்டில் இங்கிலாந்தைக் கட்டும் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே உருண்ட குதிரை, செத்த யானை, பெயர் எழுதப்படாத நூறு கூலிகள். அந்த வரிசை இன்றுவரை மாறவில்லை என்பதுதான் எங்கள் குற்றச்சாட்டு.

பிறகு மற்றதெல்லாம் வந்தது. 1873 இல் கவர்னர் கிரகரியின் காலத்தில் சதுப்பு நிலத்தை மறித்து வாவி. 1875 அளவில் குதிரைப் பந்தயம். 1876 இல் துரைமாருக்கென்று ஹில் கிளப். கவர்னர் ஹோர்ட்டனின் பெயரில் ஒரு சமவெளி. கொழும்பு வெயில் தாங்காமல் ஏப்ரலில் மலையேறினார்கள், அதற்குச் 'சீசன்' என்று பெயர் வைத்தார்கள். நாங்களும் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

புல்லைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனவர்கள் மஞ்சள் பூப்பூத்த ஒரு முள் பற்றையைப் பார்த்திருப்பீர்கள். போட்டோவுக்கு அழகாக இருக்கும். அதன் பெயர் கோர்ஸ். இங்கிலாந்தின் அதே மேட்டுப் புல்வெளிச் செடி. வெள்ளைக்காரர் காலத்தில் வந்து இறங்கினது. இன்று அந்தத் தேசியப் பூங்காவில் உள்ளூர்ப் புல்லை நெருக்குகிற ஆக்கிரமிப்புத் தாவரம், பிடுங்கப் பிடுங்க முளைக்கிறது. லிட்டில் இங்கிலாந்து என்பது வெறும் பெயர் என்று நினைக்கிறவர்கள் அந்த முள்ளைத் தொட்டுப் பார்க்கலாம்.

இந்தப் படத்தில் இன்னொரு கூட்டமும் உண்டு. 1820களிலிருந்து தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தவர்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனை பேரென்று ஒழுங்கான கணக்குக்கூட இல்லை. வந்து சேர்ந்தவர்கள் காடு வெட்டினார்கள், கோப்பி நட்டார்கள், கோப்பி செத்த பிறகு தேயிலை நட்டார்கள், றோட்டுப் போட்டார்கள். துரை குதிரையில் வந்து வேலை பார்த்தான். கங்காணி நடந்து வந்தான். அவர்கள் குனிந்து நின்றார்கள். 1948 இல் சுதந்திர நாடு செய்த முதல் வேலைகளில் ஒன்று அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. 2023 இல், வந்து 200 வருசம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் திரும்ப ஒருக்கால் நடந்தார்கள். எங்களில் எத்தனை பேர் அந்த நடையின் ஒரு கிலோமீற்றருக்காவது போனோம்? கையை உயர்த்த வேண்டாம், தெரியும்.

அந்த வரலாற்றில் ஒரு கூட்டம் ஏறிப் போனது, ஒரு கூட்டம் நடந்து வந்தது. போன வருசம் வாவிக்கரையில் நாங்கள் ஏறினோம், அவன் ஓடினான். துரை போய்விட்டார், சேணம் காலியாக இருந்தது, நாங்கள் போய்க் குந்திக்கொண்டோம்.

இதைச் சொன்னால் உடனே மூன்று பதில்கள் வரும். மூன்றையும் எங்கள் குழுவிலேயே கேட்டுவிட்டோம்.

முதல் பதில்: "குதிரையை வதைக்கிறது அந்தப் பெடியன்தானே? அவனுக்கு அறிவில்லை. பொலிசில் குடுக்க வேணும்." மிருகங்களில் பாசம் உள்ளவர்கள் சொல்கிற பதில் இது. அவர்களுடைய கோபத்தை மதிக்கிறோம். ஆனால் விரல் நீளுகிற திசையைப் பாருங்கள். அந்தக் குதிரை அவனுடையது இல்லை. கேட்டோம். சொந்தக்காரர் வேறு, அவரை அவன் "மொதலாளி" என்றான், பெயர் சொல்லவில்லை. நாங்கள் கொடுத்த ஆயிரம் ரூபாவில் அவனுக்கு இருநூறு. ரவுண்டு போனால்தான் காசு, மழை பெய்தால் இல்லை. பந்தயத்தில் ஓடி முடித்த குதிரைகளும் தங்களிடம் வருவதுண்டு என்றான். பக்கத்தில் நின்ற சிங்களப் பெடியனுக்கும் அதே கதைதான், இரண்டு பேரும் ஒரு பீடியைப் பங்குபோட்டுக்கொண்டு நின்றார்கள். அவனுடைய அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறா. 2021 இல் அவ்வளவு சண்டைக்குப் பிறகு நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. 2024 இல் 1,350. அதுவும் முழுப் பெயர் விழுந்தால்தான். அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு வந்து கயிற்றைப் பிடிக்கிறான். குதிரையின் புண் அவனுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? எங்களுக்கு முன்னமே தெரியும். குதிரைக்கு ஓய்வு கொடுத்தால் அவனுக்கு அன்றைக்குச் சோறில்லை. இப்படி இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டு, ஒருத்தன் மற்றதை வதைக்கிறான் என்று நாங்கள் தீர்ப்புச் சொல்கிறோம்.

இதில் எங்களைக் குடைகிற இன்னொன்றும் இருக்கிறது. கொழும்புத் தமிழ் வீடுகளில் "தோட்டக்காட்டான்" என்ற சொல் எவ்வளவு சாதாரணமாகப் புழங்குகிறது என்று நாங்கள் வெளியில் சொல்வதில்லை. எங்கட வீடுகளில் வேலைக்கு நிற்கிற பிள்ளை எந்த ஊர்? வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் மூட்டை தூக்குகிறவன், சாப்பாட்டுக் கடையில் மேசை துடைக்கிறவன் எந்த ஊர்? இங்கே அவனை "டேய் பெடியன்" என்போம். அங்கே போய் அவனுடைய மலையை "எவ்வளவு அழகு" என்போம். மலை வேண்டும், மலையகம் வேண்டாம். வீடியோவில் அவனை வெட்டியது தற்செயலில்லை. வெட்டுவதற்கு எங்களுக்கு வீட்டிலேயே பயிற்சி கிடைத்திருக்கிறது.

இரண்டாவது பதில்: "நாங்கள் ஏறாட்டி அவன்ர பிழைப்பு என்னாகும்?" இது கெட்டிக்காரத்தனமான பதில். தேயிலை முதலாளிகளும் சம்பள உயர்வு கேட்டபோதெல்லாம் இதைத்தான் சொன்னார்கள்: கூட்டிக் கேட்டால் தோட்டத்தை மூட வேண்டி வரும், உங்களுக்குத்தான் நட்டம். ஒருத்தனுடைய வறுமையைக் காட்டியே அவனுடைய நிலைமையை மாற்றாமல் வைத்திருக்கிற வாதம். அவன் பிழைப்பில் எங்களுக்கு உண்மையிலேயே அக்கறை என்றால், ஆயிரம் ரூபாவில் இருநூறு ஏன் என்று அன்றைக்கே கேட்டிருப்போம். நாங்கள் கேட்டது "தம்பி, கொஞ்சம் ஓடவிடுங்கோ" என்றுதான்.

மூன்றாவது பதில்: "இங்கிலாந்தில் எல்லாரும் செய்கிறதுதானே, குதிரை இருக்கிறதே ஏறத்தானே?" வாங்கோ, இங்கிலாந்துக்கே போவோம்.

அங்கேயும் அந்த மேட்டு நிலக் குதிரைகள் சும்மா அழகுக்குப் பிறந்தவை இல்லை. டார்ட்மூரின் மட்டக்குதிரைகள் தகரச் சுரங்கக் காலத்தில் பொதி சுமந்தவை. எக்ஸ்மூர்க் குதிரைகள் இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஏறத்தாழ 50 தான் மிஞ்சின. படையினர் சுட்டுப் பழகினார்கள், பஞ்சத்தில் இறைச்சிக்குத் திருடினார்கள். பிறகு ஊர்க்காரர்கள் கூடித்தான் இனத்தைக் காப்பாற்றினார்கள். இன்றும் அங்கே திரிகிற குதிரைகள் பொதுமேய்ச்சல் உரிமை உள்ள விவசாயிகளுடையவை. வருசத்துக்கு ஒருமுறை இலையுதிர் காலத்தில் எல்லாவற்றையும் திரட்டி, யாருடையது எது என்று பார்த்துப் பிரிப்பார்கள். சொந்தக்காரர் இல்லாத குதிரை இல்லை.

வாடகைச் சவாரிக்கு அவர்களிடம் 1964 இலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. லைசன்ஸ் இல்லாமல் குதிரையை வாடகைக்கு விட முடியாது. மிருக வைத்தியர் வந்து பார்த்தால்தான் லைசன்ஸ். மூன்று வயதும் அதற்குக் குறைவுமான குதிரையில் ஆளை ஏற்றக் கூடாது. குட்டி ஈனப் போகிற குதிரையில் ஏற்றக் கூடாது. இங்கிலாந்து ஒரு சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை, அங்கேயும் பேராசை பிடித்தவர்கள் இருப்பார்கள். ஆனால் தன் வீட்டுக் குதிரைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது.

எங்களிடம் என்ன இருக்கிறது? 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க மிருகவதைத் தடைச் சட்டம். அதன்படி வதைக்கு மூன்று மாதம் வரை சிறை சொல்லப்பட்டிருக்கிறது. தண்டப்பணம் ஆகக்கூடினது 100 ரூபா. எழுத்துப் பிழை இல்லை, நூறு ரூபா. 1907 இல் அது பெரிய காசு. இன்று பாமன்கடைச் சந்தியில் ஒரு பிளேன்ரீயும் ஒரு வடையும் அந்தக் காசுக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரு சவாரிக்கு நாங்கள் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கு. இதை மாற்ற எங்கள் சட்ட ஆணைக்குழு 2006 இல் ஒரு மிருக நல மசோதா வரைந்தது. அதே 2006 இல்தான் பிரித்தானியாவிலும் புதிய மிருக நலச் சட்டம் வந்தது. அங்கே அது சட்டமாகி நடக்கிறது. இங்கே எத்தனை அரசாங்கம் மாறியும் வருசக்கணக்காக இழுபட்டது. இங்கிலாந்திடமிருந்து தொப்பியையும் சீசனையும் முள்ளுப் பற்றையையும் எடுத்துக்கொண்டோம். சட்டத்தில் மட்டும் அவர்கள் 1907 இல் விட்டுப்போன பழசே போதுமென்று இருக்கிறோம்.

இங்கே எங்கள் யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள் சிரிக்க வேண்டாம். "எங்கட நெடுந்தீவுக் குதிரைகள் சுதந்திரமாத் திரியுது, கட்டிவைக்கிறேல்ல" என்று பெருமையடிக்கிற பழக்கம் எங்களுக்குள்ளும் இருக்கிறது. குறிகட்டுவானில் வள்ளம் ஏறி, ஒரு மணித்தியாலம் அலையில் ஆடிப் போய், பாழடைந்த ஒல்லாந்தர் லாயத்தையும் பெருக்க மரத்தையும் பார்த்து, வெட்டையில் மேய்கிற குதிரையைப் பின்னால் வைத்து ஒரு செல்பி. அதுவும் நாங்கள் செய்ததுதான். போர்த்துக்கேயர் காலத்தில் வந்து, ஒல்லாந்தர் காலத்தில் பெருகி, கடைசி வெள்ளைக்காரனும் கைவிட்டுப்போன குதிரைகளின் வம்சம் அது. கோடையில் குளம் வற்றினால் தண்ணியில்லாமல் அவை செத்து விழுகிற செய்தி எத்தனையோ வருசம் வந்திருக்கிறது. அதே கோடையில் அந்தத் தீவுச் சனமும் நல்ல தண்ணிக்கு வாளியோடு அலைகிறது. எங்கட போட்டோவில் குதிரை இருக்கும், வெட்டை இருக்கும், வாளியோடு நடக்கிற அம்மா இருக்க மாட்டா. கட்டி வைத்தாலும் அவிழ்த்து விட்டாலும், குதிரைக்கு என்ன நடக்கிறதோ அதற்குப் பக்கத்தில் நிற்கிற மனிசருக்கும் அதுதான் நடக்கிறது. நுவரெலியாவிலும் அப்படி, நெடுந்தீவிலும் அப்படி.

ஆகவே எங்கள் நிலைப்பாட்டைச் சொல்கிறோம்.

வாடகைக்கு விடுகிற ஒவ்வொரு குதிரைக்கும் இலக்கம் வேண்டும், அந்த இலக்கத்துக்குப் பின்னால் சொந்தக்காரரின் பெயர் வேண்டும். "மொதலாளி" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிய முடியாதபடி. சீசன் தொடங்க முன்னமும் நடுவிலும் மிருக வைத்தியர் பார்க்க வேண்டும், புண் உள்ள குதிரை அன்றைக்கே இறங்க வேண்டும். வாவிக்கரையில் நிழலும் தண்ணித் தொட்டியும் வேண்டும். குதிரை ஒரு நாளைக்கு இருபது, முப்பது லீற்றர் தண்ணி குடிக்கிற பிராணி. நாளின் பெரும் பகுதியை மேய்ந்தே கழிக்கிற உடம்பு அதற்கு. வெறும் வயிற்றோடு நாள்முழுக்க நிறுத்தி வைத்தால் குடல் புண்ணாகும். எடைக்கும் ஒரு எல்லை வேண்டும். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்க வைக்கக் கூடாது என்பது மிருக வைத்தியர்கள் பொதுவாகச் சொல்கிற கணக்கு, சேணத்தையும் சேர்த்து. 300 கிலோ மட்டக்குதிரை என்றால் 60 கிலோ. எங்கள் வானில் வந்தவர்களில் பாதிப் பேர் அப்போதே வரிசையிலிருந்து விலக வேண்டியவர்கள்.

இவை எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் மற்றது: கயிற்றைப் பிடிக்கிறவனுக்கு நாட்சம்பளம். ரவுண்டுக்கு இவ்வளவு என்கிற கணக்கு இருக்கும் வரைக்கும் எந்தச் சட்டம் வந்தாலும் குதிரைக்கு ஓய்வு கிடைக்காது. ஓய்வு கொடுக்கிற பெடியன் பட்டினி கிடப்பான். மிருக நலம் பேசுகிற அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் இருக்க வேண்டிய விசயம் இது. அவர்கள் ஒரு கூட்டம், இவர்கள் ஒரு கூட்டம் என்று தனித்தனியே அறிக்கை விட்டால் குதிரைக்கும் விடிவில்லை, அவனுக்கும் விடிவில்லை.

அதுவரைக்கும் எங்களால் செய்யக்கூடியது? ஏறாமல் இருக்கலாம். அது முடியாதென்றால், ஏறுவதற்கு முதல் சேணத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். புண்ணோ புதிதாக உரிந்த தோலோ இருந்தால் ஏறாதீர்கள். வெள்ளை முடியை மட்டும் கண்டாலும் சேணம் இப்போதும் அழுத்துகிறதா என்று கேளுங்கள். விலாவெலும்பு எண்ணக்கூடியதாக இருந்தால் ஏறாதீர்கள். ஓடவிடச் சொல்லாதீர்கள். சவாரி வேண்டாமென்றாலும் அந்தப் பெடியனோடு ஐந்து நிமிசம் கதையுங்கள், சொந்தக்காரர் ஆர், எத்தனை மணியிலிருந்து நிற்கிறான், சாப்பிட்டானா என்று கேளுங்கள். அவன் நேரத்துக்குக் காசு கொடுங்கள். போட்டோ எடுத்தால் அவனிடமும் கேட்டு எடுங்கள், எடுத்த பிறகு வெட்டாதீர்கள். அந்த 'லிட்டில் இங்கிலாந்து' என்ற தலைப்பையும் விட்டுவிடுங்கள். அந்த ஊருக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது.

எங்கள் கலைப்பீடத்துக்குப் பக்கத்திலேயே ரேஸ்கோர்ஸ் இருக்கிறது. தினமும் பஸ்ஸுக்குப் போகிற வழி. 1893 இல் கட்டினது, அன்றைய கவர்னர் ஹவ்லொக்கின் பெயரில். பாமன்கடையிலிருந்து கம்பஸ் வர நாங்கள் பிடிக்கிற றோட்டும் ஹவ்லொக் றோட்டுத்தான். இரண்டாம் உலகப் போரில் அந்தத் திடலை விமான ஓடுபாதை ஆக்கினார்கள். பிறகு கொழும்பில் குதிரைப் பந்தயமே நின்றுபோனது. இன்று மேடை இருந்த இடத்தில் கடைகள், கோப்பி, கண்ணாடி யன்னல். லெக்சர் இல்லாத நேரம் நாங்கள் அங்கே போய் இருப்பதுண்டு. குதிரை ஓடின ஊரில் குதிரை இல்லாமலே பிள்ளைகள் சந்தோசமாகத்தான் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் குதிரை இல்லாத கொழும்பை நினைத்துப் பார்க்க முடியாது என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள்.

இந்த வருச மெசேஜ் போன கிழமை வந்தது. "ஏப்ரலுக்கு நுவரெலியா?" நாங்கள் எழுதினோம்: வருகிறோம், வானுக்குக் காசு தருகிறோம், குதிரை ஏற மாட்டோம், போன வருச வீடியோவையும் அழித்துவிட்டோம். ஒருத்தன் "ஓவர் சீன்" என்று எழுதினான். ஒருத்தி குழுவை விட்டே போய்விட்டாள். இன்னொருத்தி தனியாக மெசேஜ் போட்டாள்: "அந்தத் தம்பியின்ர பேர் என்ன?"

எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட்கவே இல்லை.